பெண் பிள்ளைக்குக் காத்திருந்த சிம்மாசனம்

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால் அருமனைக்கும் திருவட்டாற்றுக்கும் போகிற பேருந்துகள் வந்து போவதைப் பார்க்கலாம். அருமனை, திருவட்டாறு, வடசேரி, நாகர்கோவில். நான்கும் நமக்குக் கால் பழகிய ஊர்கள். திருவனந்தபுரத்தில் இதே நான்கு பெயர்களில் நான்கு பெரிய வீடுகள் உண்டு. அம்மவீடுகள் என்பார்கள். திருவிதாங்கூர் மன்னர்கள் பெண் எடுத்த குடும்பங்கள் அவை. பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் வடக்கே போனபோது இந்தக் குடும்பங்களும் நம் ஊர்ப்பெயர்களைச் சுமந்துகொண்டு கூடவே போயின.

மன்னர் பெற்ற பிள்ளைகள் இந்த வீடுகளில்தான் வளர்ந்தார்கள். ஆண் பிள்ளைக்குத் தம்பி என்றும் பெண் பிள்ளைக்குத் தங்கச்சி என்றும் பட்டம். நிலம் கிடைக்கும், மரியாதை கிடைக்கும், நல்ல இடத்தில் சம்பந்தமும் அமையும். சிம்மாசனம் மட்டும் கிடைக்காது. அது மன்னரின் சகோதரி பெற்ற பிள்ளைக்கு.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. இங்கே வேளாளர் குடும்பங்களிலும் தாத்தாமார் காலம்வரை சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குத்தான் போயிற்று. பெற்ற பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு. அதை வாங்குவதற்குள் வழக்கு, வாய்தா, வக்கீல் செலவு. தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ அந்த அவலத்தை நையாண்டியாகச் சொன்ன நூல். அரண்மனையிலும் சட்டம் இதுவே. அங்கே கூறுபோட முடியாத சொத்து ஒன்று இருந்தது என்பதுதான் வேறுபாடு. நாட்டை எப்படிப் பங்குவைப்பது?

அதற்காக ரத்தமும் சிந்தியிருக்கிறது. 1729-ல் மார்த்தாண்ட வர்மா மாமன் ராமவர்மாவுக்குப் பிறகு பட்டத்துக்கு வந்தார். ராமவர்மாவின் சொந்த மகன்களான தம்பிமார் இருவரும் நாடு தங்களுக்கு என்று எழுந்தார்கள். அந்தச் சண்டை நாகர்கோவிலில் அவர்கள் கொல்லப்பட்டதோடுதான் ஓய்ந்தது. அதன் பிறகு மருமக்கள் வழியை எதிர்த்து எந்த மன்னர் மகனும் வாளெடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரச குழந்தைகள் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஐரோப்பியக் கதைகள். ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தால் பீரங்கி முழங்கும், பெண் என்றால் முகங்கள் வாடும். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரத்தில், ஒற்றைப் பலா மரத்தில் குடைந்த தூணோடு நிற்கிற தாய்க் கொட்டாரத்தை மூத்த வீடாகக் கொண்ட இந்தக் குடும்பத்துக்கு வேறொரு கவலை. ஆண் பிறந்தால் அடுத்த ராஜா வந்தார், நல்லது. பெண் பிறக்காவிட்டால் வம்சமே அங்கே நின்றது. அந்தக் குழந்தைகள் யார் மடியில் வளர்ந்தார்கள், எந்த வயதில் கல்யாணம் செய்தார்கள், யாரை அம்மா என்று அழைத்தார்கள் என்பதையெல்லாம் இந்த ஒரு கவலையே முடிவுசெய்தது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் மரபியலும் கொஞ்சம் நிகழ்தகவுக் கணக்கும் வேண்டும். முதலில் குழந்தைகளைப் பார்த்துவிடுவோம்.

* * *

1810-ல் பாலராம வர்மா இறந்தார். 1791-ல் பிறந்த கௌரி லட்சுமி பாய் ராணியானார். அப்போது அவருக்கு ருக்மிணி என்று ஒரு சிறு மகள். நாடே காத்திருந்த ஆண் குழந்தை 1813 ஏப்ரல் 16 அன்று பிறந்தது. கருவில் இருக்கும்போதே அரசுரிமை பெற்றவர் என்பதால் சுவாதி திருநாளுக்குக் ‘கர்ப்பஸ்ரீமான்’ என்று பெயர். அந்தக் குழந்தைக்காக இரயிம்மன் தம்பி எழுதிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ தாலாட்டை இன்றும் மலையாள வீடுகளில் பாடுகிறார்கள். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் கேட்கலாம்.

அடுத்த ஆண்டு உத்திரம் திருநாள் பிறந்தார். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு தாயின் உடல் தேறவில்லை. 1815-ல் இறந்தார். மிஞ்சியது ஒரு சிறுமி, நடை பழகிய ஒரு ராஜா, ஒரு கைக்குழந்தை. நாட்டையும் குழந்தைகளையும் சேர்த்து ஏற்றுக்கொண்ட சிறியம்மை கௌரி பார்வதி பாய் 1802-ல் பிறந்தவர். பதின்மூன்று வயது! இன்று அந்த வயதுப் பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்ற 1817-ஆம் ஆண்டு ஆணை இவர் பெயரில் வந்தது. நாகர்கோவிலில் மீட் பாதிரியாரின் பள்ளி 1819-ல் தொடங்கியதும், தோள்சீலை பற்றிய 1829-ஆம் ஆண்டு அறிவிப்பு வந்ததும் இவர் ஆட்சியில்தான்.

தந்தை என்ன ஆனார் என்று கேட்கலாம். சங்ஙனாச்சேரி அரண்மனையைச் சேர்ந்த ராஜராஜ வர்மா கோயித்தம்புரான் சமஸ்கிருதப் பண்டிதர். மருமக்கள் வழிச் சட்டத்தில் தந்தைக்கு இடம் ஏதும் கிடையாது. ராணியின் கணவர், அவ்வளவே. ஆனால் தாயில்லாத பிள்ளைகளை அருகிலிருந்து வளர்த்ததும் எழுத்து சொல்லித் தந்ததும் அவர்தான். சட்டம் ஒரு குடும்பத்தை எப்படி வரைந்தாலும் வீட்டுக்குள் நடப்பது வேறாக இருக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

லட்சுமி பாயின் மரணம் அந்தக் குடும்பத்தில் தனித்த ஒன்றல்ல. மகள் ருக்மிணி பாய் 1837-ல் இறந்தார். அதே ஆண்டு மே மாதம்தான் அவருடைய மகன் விசாகம் திருநாள் பிறந்திருந்தார். ருக்மிணியின் மகள், இன்னொரு லட்சுமி பாய், 1857 செப்டம்பரில் மூலம் திருநாளைப் பெற்றெடுத்த சில நாட்களில் இறந்தார். பாட்டி, மகள், பேத்தி. கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். 1817 நவம்பரில் இங்கிலாந்தின் இளவரசி ஷார்லட் ஐம்பது மணி நேர வலிக்குப் பிறகு இறந்த குழந்தையைப் பெற்று, தானும் இறந்தார். நேர் வாரிசு இல்லாமல் போன அரண்மனை அவசர அவசரமாக அவருடைய சிற்றப்பாமாருக்குக் கல்யாணம் செய்துவைத்தது. அப்படி 1819-ல் பிறந்தவர்தான் விக்டோரியா. பிரசவம் பார்க்கும் மருத்துவர் கைகழுவினால் தாய்மார் சாவது குறையும் என்று வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டியது 1847-ல். அதையும் ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அரண்மனையில் பிறந்தாலும் குடிசையில் பிறந்தாலும் தாயின் உயிருக்கு அன்று ஒரே ஆபத்து.

பெரியம்மை விஷயத்தில் மட்டும் அரண்மனை ஓரடி முந்திக்கொண்டது. ஜென்னர் 1796-ல் கண்ட பசுஅம்மைப் பால் 1802 ஜூனில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் முதன்முதலாகப் பிடித்தது. திருவிதாங்கூருக்கு அது 1813-ல் வந்தது. ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ ஏற்பாடு செய்தார். மக்கள் அஞ்சினார்கள். ராணி முதலில் அரச குடும்பத்தினருக்கே குத்திக்கொள்ளச் செய்தார்.

அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. குப்பியும் குளிர்பெட்டியும் இல்லாத காலம். அம்மைப்பால் ஊர் ஊராகப் பயணம் செய்தது குழந்தைகளின் கைகளில். ஒரு குழந்தையின் கையில் கீறி மருந்து வைப்பார்கள். எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் முற்றும். அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறுவார்கள். சங்கிலி அறுந்தால் மருந்தே இல்லை. அந்தச் சங்கிலியில் முன்னால் நிற்கிற குழந்தை என்ன சாதி என்று பார்க்க வழியில்லை. தீண்டலுக்கும் பார்வைக்கும் அடிக்கணக்கில் தூரம் வகுத்திருந்த நாட்டில், வேறொரு பிள்ளையின் உடல்நீர் தன் பிள்ளையின் ரத்தத்தில் கலப்பதற்குச் சம்மதிப்பது சாதாரணக் காரியமா? அந்த ஊசி அம்மையைத் தடுத்ததைவிடப் பெரிய ஒன்றையும் கீறிப் பார்த்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

* * *

1825 வாக்கில் திருவனந்தபுரம் வந்த கர்னல் வெல்ஷ் என்ற கும்பினி அதிகாரி, அரண்மனையில் பார்த்த பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். ராஜா ஆங்கிலம் வாசித்துக் காட்டினார். பிறகு யூக்ளிட் நூலின் 47-ஆம் தேற்றத்தை எடுத்து, சாதாரணச் சிலேட்டில் படம் வரைந்தார். நாம் பிதாகரஸ் தேற்றம் என்று பத்தாம் வகுப்பில் படிப்பதுதான் அது. செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலும் மூன்று சதுரங்கள் நிற்கிற அந்தப் படத்தைக் கைதவறாமல் போடுவதே கஷ்டம். சொல்லிக்கொடுத்தவர் தஞ்சாவூர்க்காரர் சுப்பராவ், பின்னாளில் திவானானார். அந்தச் சிலேட்டுப் பையன் 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் கட்டி ஜான் கால்டிகாட்டைப் பொறுப்பில் வைத்தார். சங்கீதத்தால் மட்டும் சுவாதி திருநாளை அறிந்தவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும். வாழ்ந்தது 33 வருஷம்தான்.

அடுத்த தலைமுறைக்கும் ஆசிரியர் தஞ்சாவூர் வழி வந்தார். ஆயில்யம் திருநாளுக்கும் விசாகம் திருநாளுக்கும் 1849-லிருந்து பாடம் சொன்ன டி. மாதவராவ் பிற்பாடு திவானாகி நாட்டையே மாற்றினார். தாயை அறியாமல் வளர்ந்த விசாகம் செடிகொடிகளில் மனம் வைத்தார். நெல் பொய்த்தாலும் ஏழை வயிறு காயாமலிருக்க மரச்சீனிக் கிழங்குப் பயிரை நாடெங்கும் பரப்பியவர் அவர். குமரி மாவட்டத்துக்காரர்கள் மீன்குழம்போடு கிழங்கு உண்ணும்போது ஒரு இளவரசனின் தாவரவியல் ஆர்வத்தையும் சேர்த்தே உண்கிறார்கள்.

* * *

இனி மரபியல். ஒருவர் தன் பிள்ளையோடு பகிர்ந்துகொள்வது பாதி மரபணுக்களை. கூடப்பிறந்தவளின் பிள்ளையோடு கால்பங்கு. அப்படியானால் பாதிப்பங்குப் பிள்ளையை விட்டுவிட்டுக் கால்பங்குப் பிள்ளைக்குச் சொத்தைக் கொடுக்கிற வழக்கம் எப்படி நிலைக்கும்? பரிணாம மானுடவியலாளர்கள் பல ஆண்டுகளாக மண்டையைக் குடைந்துகொண்ட கேள்வி இது.

1970-களில் ஒரு விடை வந்தது. தாய் யார் என்பதில் சந்தேகமில்லை, தந்தை யார் என்பதில்தான் சந்தேகம். ஆகவே சகோதரி பிள்ளையே உறுதியான ரத்தம் என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இடிக்கிறது. மனைவியின் பிள்ளை தன்னுடையது என்பதற்கான வாய்ப்பு சுமார் 27 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சகோதரியின் பிள்ளை மரபணுவில் நெருக்கமாகும். மரபணுச் சோதனைகள் நடந்த பெரும்பாலான சமூகங்களில் பிள்ளை வேறொருவருடையதாக இருப்பது நூற்றுக்குச் சில பேருக்கு மேல் போவதில்லை. அதனால் அந்த விடை தனியாக நிற்காது. நிலம், போர், கால்நடை எல்லாம் சேர்ந்துதான் வழக்கங்களை உருவாக்குகின்றன. ஆப்பிரிக்காவில் மாடு வளர்ப்பு பரவிய இடங்களில் தாய்வழி முறை மறைந்தது என்று 2003-ல் ஹோல்டனும் மேசும் மொழிக்குடும்ப மரங்களைக் கொண்டு காட்டினார்கள். மருமக்கள் வழி என்றதும் பெண்களின் ஒழுக்கத்தைப் பேச ஆரம்பிக்கிற பெரிய மனிதர்கள் அந்த 27 சதவீதத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

உடலுக்குள்ளும் ஒரு மருமக்கள் வழி இருக்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குத் தனியாக ஒரு சிறு டிஎன்ஏ வளையம் உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் மகனோடு நின்றுவிடும். மகள்தான் அடுத்த தலைமுறைக்குக் கடத்துவாள். சுவாதி, தம்பி உத்திரம், மருமகன்கள் ஆயில்யம், விசாகம், அவர்களின் மருமகன் மூலம் என்று பட்டம் இறங்கிய வரிசையில் ஐந்து மன்னர்களின் உடலிலும் இருந்தது ஒரே தாய்வழி வளையம். ஐவரில் ஒருவர்கூட அதைத் தம் பிள்ளைக்குக் கொடுத்திருக்க முடியாது.

ஐரோப்பிய அரச குடும்பங்கள் இந்த வழியைக் கண்டுகொண்டது மிகவும் பிந்தித்தான். 1991-ல் ரஷ்யாவின் எகடரின்பர்க் அருகே தோண்டியெடுத்த எலும்புகள் ஜார் குடும்பத்தினுடையவையா என்று பார்க்க, பிரிட்டிஷ் இளவரசர் பிலிப்பின் ரத்தம் கேட்டு வாங்கப்பட்டது. ஜார் மனைவி அலெக்சாண்ட்ரா, பிலிப்பின் தாய்வழிப் பாட்டியின் தங்கை. இருவரும் விக்டோரியாவின் மகள் ஆலிஸ் வழி வந்தவர்கள். வளையம் பொருந்தியது. குடும்பப் பெயரையும் பட்டத்தையும் தந்தை வழியில் மட்டுமே எழுதிவந்த வீடுகளுக்கு அடையாளம் சொன்னது அம்மாவின் அம்மாவின் அம்மா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விக்டோரியாவின் மகள்கள் வழியே பரவிய ரத்தம் உறையாநோய், எக்ஸ் குரோமோசோமில் ஏறிப் பயணிப்பது. நோயில்லாத மகன் எட்வர்டு பட்டத்துக்கு வந்ததால் பிரிட்டிஷ் சிம்மாசனம் தப்பியது. இங்கிலாந்தில் மருமக்கள் வழி இருந்திருந்தால் ஆலிஸ், பீட்ரிஸ் ஆகியோரின் நோயுற்ற மகன்கள் வாரிசு வரிசையில் நின்றிருப்பார்கள். எந்த வழியில் சொத்து இறங்கினாலும் அந்த வழியில் நோயும் இறங்கலாம்.

* * *

1873-ல் லண்டனில் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணிதப் புதிரை வெளியிட்டார். பெரிய குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன? வம்சம் தேய்ந்துவிட்டதாக அன்று பலர் நினைத்தார்கள். வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு, வெறும் தற்செயலே போதும் என்று காட்டினார். எல்லாப் பெயரும் கட்டாயம் அழியும் என்று அவர் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டார். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். கால்டன் கேட்டது ஆண்வழி. மகன் என்ற இடத்தில் மகள் என்று போட்டால் அது திருவிதாங்கூர் அரச குடும்பத்துப் பெண்களான ஆற்றிங்கல் ராணிமாரின் கணக்கு.

போட்டுப் பார்ப்போம். ஒரு ராணிக்கு நான்கு குழந்தைகள். பாதி பெண், அவர்களிலும் பாதியே வளர்ந்து தாயாவார்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு தாய்க்கு ஒரு மகள் தேறுகிறாள். சராசரி ஒன்று என்றால் வம்சம் பத்திரம் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரு மகளும் தேறாமல் முதல் தலைமுறையிலேயே வழி அறுகிற வாய்ப்பு 32 சதவீதம். இரண்டு தலைமுறைக்குள் 47. நான்கு தலைமுறைக்குள் 63. காலம் போகப்போக அது நூறை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். யாருடைய பாவமும் இல்லை, சாபமும் இல்லை.

இரண்டு பெண்களிலிருந்து தொடங்கினால்? முதல் தலைமுறையில் இருவர் வழியும் அறுகிற வாய்ப்பு 10 சதவீதமாக விழுகிறது. நான்கு தலைமுறைக்கு 40. இப்போது அரண்மனை ஆவணங்களைப் பாருங்கள். 1788–89-ல் கோலத்துநாட்டுக் குடும்பத்திலிருந்து தத்தெடுத்தது இரண்டு சகோதரிகளை. 1857-ல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சகோதரிகளை. 1900-ல் மறுபடியும் இரண்டு பெண்களை. நிகழ்தகவு படிக்காமலே அந்தக் குடும்பம் சரியான எண்ணைப் பிடித்துவிட்டது.

அந்த எண்ணுக்குள் இருந்தவர்கள் குழந்தைகள். 1857-ல் வந்த லட்சுமி பாய்க்கு ஒன்பது வயது. தங்கை பார்வதி பாய் அவரைவிடச் சிறியவர். மாவேலிக்கரையில் அம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகள் ஒரு சடங்கில் வேறொரு வீட்டின் மகள்களானார்கள். இரண்டு வருஷத்தில், பதினோரு வயதில், லட்சுமி பாய்க்குப் பதினான்கு வயது கேரள வர்மாவோடு கல்யாணம். வேலை தெளிவானது: பெண் குழந்தை பெற வேண்டும். அந்த அம்மாளுக்குக் குழந்தையே பிறக்கவில்லை. 1875-ல் ஆயில்யம் திருநாள் கேரள வர்மாவைச் சிறைவைத்தார். விடுதலை 1880-ல் அந்த மன்னர் இறந்த பிறகுதான். கணவரை விட்டு விலகிவிடு என்ற நெருக்குதலுக்கு ராணி இணங்கவில்லை. மருமக்கள் வழியில் கணவன் மனைவி பாசம் கிடையாது என்று எழுதிய வெள்ளைக்காரர்கள் இந்த ஐந்து வருஷத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தங்கை பார்வதி பாய்க்கு ஆண்பிள்ளைகள். 1893-ல் அவர் இறந்தார். கணக்கின் 10 சதவீதம் உண்மையிலேயே வந்து விழுந்தது.

எனவே 1900. இம்முறை வந்தவர்கள் இன்னும் சிறியவர்கள்: 1895-ல் பிறந்த சேது லட்சுமி பாய், 1896-ல் பிறந்த சேது பார்வதி பாய். இருவருக்கும் ஐந்து வயது நிரம்பவில்லை. ஓவியர் ராஜா ரவிவர்மாவின் பேத்திகள் என்று உலகம் சொல்லும். தாய்வழிக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. ரவிவர்மாவின் மனைவி 1857-ல் தத்துப்போன ராணிகளின் கூடப்பிறந்தவர். குழந்தைகள் அவருடைய மகள் வயிற்றுப் பேத்திகள் என்பதே அங்கே தகுதி. அந்த ராணிகளின் மைட்டோகாண்டிரிய வளையம் ஊரில் விட்டுவந்த மூன்றாவது சகோதரி மூலம் சுற்றி வந்து அதே அரண்மனையில் நுழைந்தது. 1912-ல் சேது பார்வதி பாய்க்குச் சித்திரைத் திருநாள் பிறந்தார். 1924-ல் மூலம் திருநாள் இறந்தபோது அவர் சிறுவன். ஆட்சிப் பொறுப்பு ரீஜன்ட் ராணியாகப் பெரியம்மை சேது லட்சுமி பாயிடம் வந்தது.

தாய்வழி அறாமலிருக்க நான்கு வயதில் தத்தெடுத்து வந்த பெண் அவர். 1925-ல் நாயர் சட்டமும் 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டமும் மருமக்கள் வழிக்கு முடிவுகட்டி, அப்பன் சொத்தை மக்களுக்குக் கொடுத்தன. இரண்டும் நிறைவேறியது அவருடைய ஆட்சியில்.